மரம் தின்னும் காளான்

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஊர் ஜலகண்டாபுரம். தறியோசை இடையறாது ஒலிக்கும் அவ்வூரைச் சுற்றிலும் மானாவாரிக் கொல்லைகளும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. கிழக்கே நோக்கினால் சேர்வராயன் மலைத்தொடர் நீலநிறம் பூண்டு நிற்கும். வடமேற்கே மேட்டூரை அடுத்த மலைகள் தோன்றும். சமவெளிச் சாலையில் நிற்கும் புளியமரம் வேறு. மலைமேல் மூடுபனியில் நனையும் காட்டு மரம் வேறு. ஆயினும் இவ்விரண்டையும் தன் உணவாகக் கொள்ளும் உயிரினம் ஒன்று உண்டு. அதுவே மரக்காளான்.

மழைக்காலம் கழிந்தபின், பழைய மரமொன்றின் அடிப்பகுதியில் தட்டுப் போன்ற பொருள் ஒன்று ஒருநாள் காணப்படும். அது காம்பின்றி, சுவரில் அறைந்த பலகைபோல் மரத்தோடு ஒட்டி நிற்கும். சிறுவர் அதனைக் கல்லால் தட்டிப் பார்ப்பர். கட்டை போன்ற ஓசை எழும். பெரியோர் சிலர் அரிவாளால் அதனைச் செதுக்கி எறிந்து, மரம் பிழைத்தது என்று மனநிறைவு கொள்வர். அடுத்த மழைக்குப் பின் அதே இடத்தில் அத்தட்டு மீண்டும் முளைத்திருக்கும்! அம்மரத்தை வெட்டுவதா, விடுவதா என்னும் வினா அப்போது எழும். விடை தவறினால் நிழல் தரும் நல்ல மரம் வீணே வீழ்த்தப்படலாம். அல்லது உள்ளே உளுத்துப்போன மரம் ஆடிக்காற்றில் முறிந்து வழிச்செல்வோர்மீது விழலாம். ஆதலின் மரக்காளானை இனங்கண்டறிதல் வெறும் பொழுதுபோக்கு அன்று. உயிரையும் உடைமையையும் காக்கும் அறிவாகும்.

காளானுக்குப் பச்சையம் இல்லை. ஆகவே அது செடிகொடிகளைப் போல ஞாயிற்றின் ஒளியைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. பிற உயிர்கள் ஆக்கிவைத்த பொருளையே அது உண்டு வாழும். வெளியே காணப்படும் தட்டு காளானின் முழுவுடல் அன்று. மயிரினும் நுண்ணிய இழைகளாக மரத்தினுள்ளே ஓடிப் பரந்திருப்பதே அதன் உடல். தட்டு என்பது வித்துகளைப் பரப்புதற்கென அவ்வுடல் வெளியே நீட்டும் உறுப்பேயாகும். மாங்காயைப் பறித்துவிட்டால் மாமரம் பட்டுப்போவதில்லை. அதுபோலத் தட்டைச் செதுக்கி எறிந்தாலும் உள்ளிருக்கும் காளான் மாய்வதில்லை. அரிவாள் ஏன் பயன்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. மரம் முதலில் தானாகவே அழுகுகிறது என்றும், அவ்வழுகலிலிருந்து காளான் பிறக்கிறது என்றும் அறிஞர்கள் பலர் முன்னர் எண்ணினர். ஜெர்மனி நாட்டு வனவியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்டிக் என்பார் அழுகிய கட்டைகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். கட்டையினுள் ஓடும் இழைகளும் வெளியே நிற்கும் தட்டும் ஒரே உயிரின் பகுதிகளே என்று 1870-களில் வெளியிட்ட நூல்களில் அவர் மெய்ப்பித்தார். அழுகலால் காளான் வருவதில்லை. காளானால்தான் அழுகல் வருகிறது. காரணமும் காரியமும் இடம் மாறியதும், மரங்களைக் காக்கும் வழியும் புலப்படலாயிற்று.

காளான் மரத்தினுள் எவ்வாறு நுழைகிறது? தட்டின் அடிப்புறத்திலுள்ள துளைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான நுண்வித்துகள் உதிர்ந்து காற்றில் மிதந்து செல்கின்றன. பழுதற்ற பட்டை அவற்றிற்கு இடங்கொடாது. கிளையை முறித்த காயம், தழைக்காக வெட்டிய வெட்டுவாய், அடியில் குப்பையை எரித்ததால் வெந்த பட்டை, சாலையை அகலப்படுத்துங்கால் அறுபட்ட வேர் ஆகியனவே அவற்றின் வாயில்கள். மரத்தின் பகையாகக் காளானைக் கூறும் மனிதன், அப்பகைக்குக் கதவைத் திறந்துவிடுபவன் பெரும்பாலும் தானே என்பதை மறந்துவிடுகிறான்.

உள்ளே புகுந்த காளான் செய்யும் வேலையை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் எளிதில் உணரலாம். பாவு நூலுக்கு உறுதி தருவதற்காகக் கஞ்சி போடுவர். மரக்கட்டையிலும் செல்லுலோஸ் என்னும் பொருள் நூலிழைகளைப் போலவும், லிக்னின் என்னும் பொருள் அவ்விழைகளை இறுக்கும் கஞ்சியைப் போலவும் அமைந்துள்ளன. ஒருவகைக் காளான்கள் நூலை மட்டும் தின்று கஞ்சியை விட்டுவிடுகின்றன. அப்போது கட்டை பழுப்பு நிறமடைந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சிறு கட்டிகளாக உதிரும். இது பழுப்பழுகல் எனப்படும். மற்றொரு வகைக் காளான்கள் கஞ்சியையும் கரைத்து உண்ணுகின்றன. அப்போது கட்டை வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, பஞ்சுபோல் மென்மையடையும். இது வெண்ணழுகல் எனப்படும். அழுகிய கட்டையின் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த அளவிலேயே அதனைத் தின்றது எவ்வகைக் காளான் என்று பெரும்பாலும் கூறிவிடலாம்.

உள்ளே வைரம் உடையவை மரம் என்றும், வெளியே வைரம் உடையவை புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார். புளியும் வேம்பும் அகத்தே வைரமுடையவை. தென்னையும் பனையும் புறத்தே வைரமுடையவை. இப்பழம் பாகுபாடு காளானை அறிதற்கும் துணைசெய்கிறது. அகத்தே வைரமுடைய மரத்தில் நடுவைரம் உயிரற்ற பகுதி. நீரைக் கடத்துவது அதனைச் சூழ்ந்த வெளிமரமே. நடுவைரத்தை மட்டும் காளான் தின்றால், மரம் உள்ளே பொந்தாகியும் வெளியே தழைத்து நிற்கும், பூக்கும், காய்க்கும். பசுமையான இலைகளைக் கண்டு மரம் நலமாக உள்ளது என்று முடிவு செய்தல் இதனால் பொருந்தாது.

இனங்கண்டறிய விரும்புவோர் முதலில் காளானைப் பறிக்கலாகாது. அது நிற்கும் இடத்தை நோக்கவேண்டும். மரத்தின் பெயர் யாது? அம்மரம் உயிருள்ளதா, பட்டுப்போனதா? காளான் வேரடியில் நிற்கிறதா, நடுமரத்திலா, கிளையிலா? இவற்றைக் குறித்துக்கொண்ட பின்னர் மேற்புறத்தை நோக்கவேண்டும். அது மெருகெண்ணெய் பூசியதுபோல் பளபளக்கலாம். வெல்வெட்டுத் துணிபோல் மென்மயிர் உடையதாகலாம். கருத்து வெடித்துக் குதிரைக் குளம்புபோல் தோன்றலாம்.

அடுத்து அடிப்புறத்தைக் காணவேண்டும். பெரும்பான்மையான மரக்காளான்களில் அங்கே ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் நிறைந்திருக்கும். சிலவற்றில் துளைகள் தேனடையின் அறைகளைப்போல் பெரிதாக இருக்கும்; அவை ஹெக்சகோனியா இனத்தவை. சிறிய விசிறிபோல் வெளுத்துக் காய்ந்து, அடியில் மடல்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காணப்படுவது ஸ்கைசோஃபில்லம். வெயிலில் அதன் மடல்கள் சுருண்டு மூடிக்கொள்ளும். ஒரு மழை பெய்ததும் விரிந்து மீண்டும் வித்துகளை உதிர்க்கும். வெயில் படும் பட்ட கட்டையில் செம்மஞ்சள் நிறத்துடன் கண்ணைப் பறிப்பது பிக்னோபோரஸ். மெல்லிய தட்டில் பல நிறவளையங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்திருப்பின் அது டிராமீட்டிஸ் இனத்தைச் சேர்ந்ததாகலாம்.

மூன்றாவது நோக்கவேண்டியது உட்புறச் சதை. தட்டைக் குறுக்கே அறுத்தால் டிராமீட்டிஸில் சதை வெண்மையாகவும், கனோடெர்மாவில் பெரும்பாலும் பழுப்பாகவும், ஃபெல்லினஸில் துருவேறிய இரும்பின் நிறமாகவும் இருக்கும். எரிபொட்டாஷ் கரைசல் ஒரு துளியை ஃபெல்லினஸின் சதைமேல் இட்டால் அவ்விடம் கருத்துவிடும். இச்சோதனையை ஆசிரியரின் மேற்பார்வையில், கையில் படாதவாறு செய்தல் வேண்டும். பல்லாண்டு வாழும் தட்டுகளில் துளைக்குழல்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதையும் அறுத்த பகுதியில் காணலாம்.

நான்காவது, வித்தின் நிறம். புதிய தட்டு ஒன்றை வெண்தாளின்மேல் அடிப்புறம் கீழாக வைத்து ஓரிரவு மூடிவைத்தால் வித்துகள் தாளில் படியும். கனோடெர்மாவின் வித்துத்தூள் பழுப்பு நிறமுடையது. வேறு பலவற்றின் தூள் வெண்மையானது. கனோடெர்மா உள்ள இடத்தைச் சுற்றி இலைகளின்மேல் காப்பித்தூள் தூவியதுபோல் பழுப்புப்பொடி படிந்திருப்பதைக் காட்டிலேயே காணலாம்.

இன்னுமொரு வியப்பும் உண்டு. வித்துகள் தடையின்றி விழுவதற்காகத் தட்டின் துளைகள் எப்போதும் நிலத்தை நோக்கியே அமையும். மரம் சாய்ந்து விழுந்துவிட்டால், பழைய தட்டு செங்குத்தாகத் திரும்பிவிடும். உயிருள்ள காளான் அதன்மேல் புதிய தட்டைக் கிடைமட்டமாக வளர்க்கும். ஆகவே வீழ்ந்த மரத்தின்மேல் இரு திசையிலும் தட்டுகள் காணப்பட்டால், மரம் நின்றபோதே காளான் உள்ளே இருந்தது என்பது தெளிவாகும். பேசாத மரத்தின் வரலாற்றைக் காளான் எழுதிவைக்கிறது!

சேர்வராயன் மலையின் ஏற்காட்டுப் பகுதி கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுடையது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த காக்பர்ன் என்பார் காலத்திலிருந்து அங்கே காப்பி பயிராகி வருகிறது. காப்பிக்கு நிழல் தரும் மரங்களை வெட்டியபின் அவற்றின் அடிக்கட்டையை நிலத்திலேயே விட்டுவிட்டால், வேரழுகல் காளான்கள் அதனை உணவாகக் கொண்டு வேர்வழியே பரவிக் காப்பிச் செடிகளைத் தாக்கக்கூடும். அடிக்கட்டையை வேரோடு அகழ்ந்து எடுக்குமாறு தோட்டக்காரர்களுக்கு அறிவுறுத்துவது இதுபற்றியே.

சமவெளியில் இக்கேட்டின் கடுமையை உணர்த்துவது தென்னை. 1952-ஆம் ஆண்டில் புயல் வீசிய பின்னர்த் தஞ்சாவூர் மாவட்டத்தில் தென்னைகள் வாடி மடியலாயின. தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர்பெற்ற அந்நோய்க்குக் காரணம் கனோடெர்மாவே. கன்னட நாட்டில் பாக்கு மரத்தைத் தாக்கும் இதே இனத்து நோயை அணபே ரோகம் என்பர். அணபே என்பது காளானைக் குறிக்கும் கன்னடச் சொல். நோயுற்ற தென்னையில் அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும், குரும்பைகள் உதிரும், அடிமரத்தின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடியும், வேர்கள் அழுகும். தட்டு வெளிப்படுவதோ பெரும்பாலும் மரம் சாகும் தறுவாயில்தான். தட்டைக் கண்டபின் அம்மரத்தைக் காப்பாற்ற முயல்வது காலங்கடந்த செயல். அடுத்த மரத்தைக் காப்பதே அறிவுடைமை. நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டி வேர்த்தொடர்பை அறுத்தல், அதன் பாத்தி நீர் பிற மரங்களுக்குப் பாயாமல் தடுத்தல், இறந்த மரத்தின் தூரை வேரோடு அகற்றுதல், நலமான மரங்களுக்கு ஆண்டுதோறும் தொழுவுரத்துடன் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுதல் ஆகியவற்றை வேளாண் அறிஞர்கள் பரிந்துரைக்கின்றனர். டிரைக்கோடெர்மா என்னும் மற்றொரு பூசணத்தை மண்ணில் இட்டு, ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அடக்கும் முறையும் இப்போது கையாளப்படுகிறது.

இந்திய மரக்காளான்களை வகைப்படுத்தும் பணி டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் நடைபெற்றது. அந்நிலையம் 1906-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்குப் பணியாற்றிய பி.கே. பக்ஷி என்னும் அறிஞர், மரங்களிலும் கட்டைகளிலும் வளரும் இந்தியத் துளைக்காளான்களைப் பற்றி எழுதிய நூல் 1971-இல் வெளிவந்தது. காட்டில் கண்டு, கையில் எடுத்து, நிறமும் துளையும் வித்தும் நோக்கிக் குறிக்கும் எளிய முறையே அத்தகைய பெரும்பணிக்கும் அடிப்படையாகும்.

இவ்வளவும் கேட்டபின், மரக்காளான் முற்றிலும் தீயதே என்று முடிவு செய்யலாகாது. காட்டில் இறந்து விழும் மரங்களை மட்கச்செய்து, அவற்றின் சத்தை மண்ணுக்குத் திருப்பித் தருவன காளான்களே. அவை இல்லையேல் காடு பட்டமரங்களின் குவியலாகிவிடும். கிளியும் ஆந்தையும் குடியிருக்கும் பொந்துகள் பல, காளான் தின்ற வைரத்தால் உண்டானவை. ஆகவே ஆழ்ந்த காட்டில் நிற்கும் பொந்து மரத்தை அதன் போக்கிலேயே விட்டுவிடுதல் நன்று. பள்ளிக்கூடத்தின் வாயிலிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் உள்ள மரமாயின், மரத்துறை அறிந்தோரைக்கொண்டு தட்டிப் பார்த்தும் துளைத்துப் பார்த்தும் வலிமையை மதிப்பிட்டு, கிளையைக் குறைப்பதோ மரத்தை அகற்றுவதோ செய்தல் வேண்டும். வீட்டுக் கட்டைகளைக் காக்கும் வழி இன்னும் எளிது. நூற்றுக்கு 20 பங்கிற்கும் குறைவான ஈரமுள்ள கட்டையில் இக்காளான்கள் வளர இயலா. ஒழுகும் கூரையை உடனே செப்பனிட்டால் விட்டமும் உத்தரமும் தலைமுறை தலைமுறையாக நிற்கும்.

ஜலகண்டாபுரத்துச் சாலையோரம் நிற்கும் புளியமரத்தை நட்டவர் இன்று இல்லை. அதன் நிழலில் நடப்போரே உள்ளனர். அம்மரத்தின் பட்டையில் ஆணி அறையாமலும், அடியில் தீ மூட்டாமலும், தழைக்காகக் கிளைகளைச் சிதைக்காமலும் காப்பது அவர்தம் கடமையாகும். அதன் அடியில் ஒருநாள் தட்டு ஒன்று முளைக்குமாயின், அரிவாளை எடுப்பதற்கு முன் குனிந்து அதன் அடிப்புறத்தை நோக்குவோரே மரத்தை அறிந்தோர் ஆவர்.