கழுத்தில் கிடந்த செபமாலை

கிறிஸ்து பிறப்பு விழாவன்று நள்ளிரவுத் திருப்பலிக்குப் புத்தாடை சரசரக்கச் செல்லும் நாம், உட்கார இடமில்லையே என்று முணுமுணுக்கிறோம். நம் கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒரு குருவானவரின் முகத்தையே காணாமல் மக்கள் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

1658-ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்பது பெருங்குற்றமாயிற்று. ஆலயங்கள் டச்சுச் சபையின் வசமாயின. மக்கள் அங்கேதான் போய் உட்கார வேண்டும். வீட்டினுள்ளே பழைய செபங்கள் தொடர்ந்தன. வெளியில் எவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வீட்டார் நம்மவரா, காட்டிக் கொடுப்பவரா என்று யாருக்குத் தெரியும்?

இச்செய்தி கோவாவில் இருந்த யோசேவ் வாஸ் அடிகளாரின் உள்ளத்தைச் சுட்டது. 1687-இல் எளிய கூலியாள் கோலத்தில், யோவான் என்ற துணைவருடன், தூத்துக்குடியில் கப்பலேறினார். (எங்கள் ஊர் என்பதால் இவ்வரியைச் சற்றுப் பெருமையுடன் எழுதுகிறோம்!) யாழ்ப்பாணம் சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, பிழைப்பதே அரிதாகிப் பின் தேறினார்.

இனி என்ன செய்வது? கத்தோலிக்கர் யார் என்று கேட்டால் அகப்பட்டுக்கொள்வார். எனவே செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். பிச்சையிட்டவர்களின் பார்வையைக் கவனித்தார். அந்த மாலையைக் கண்டு கண் கலங்கியவர் யார், கதவைச் சாத்தியவர் யார்?

இவ்விடத்தில் எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. துணிவு அடிகளாருக்கா, கதவைத் திறந்தவர்களுக்கா? அடிகளாருக்கே என்றோம் பலர். பின் வரிசைத் தோழி ஒருத்தி எழுந்து, "அவர் தனி ஆள். அந்த வீட்டுக்காரருக்குப் பிள்ளைகள் இருந்தார்களே!" என்றாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சிஸ்டரும் சொல்லவில்லை.

சில்லாலை என்ற ஊர் மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். இரவிலே திருப்பலி, இரவிலே பாவசங்கீர்த்தனம். அச்சத்தால் வேற்றுச் சபையில் முழந்தாளிட்டு வந்தவர்களும் வெட்கத்தோடு வந்தார்கள். 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் படைவீரர் பாய்ந்தனர். மக்கள் பலர் பிடிபட்டனர், அடிகளார் தப்பினார். பின்னர் கண்டிக்குச் சென்று, அங்கே சிறையிருந்து, அந்நாட்டிலேயே உழைத்து 1711-இல் இறந்தார். 2015-இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். குரு இல்லாத நாளிலும் செபம் நடத்த ஊர்தோறும் அண்ணாவிமாரை ஏற்படுத்தியவர் அவரே.

2020-ஆம் ஆண்டு நோய்க்காலத்தில் நம் ஆலயக் கதவுகளும் மூடப்பட்டன. அப்போது நாங்கள் சிறு பிள்ளைகள்; கைப்பேசியில் பூசை பார்த்தபடி முறுக்குத் தின்றதே நினைவில் நிற்கிறது. ஆலயம் திறந்தபின் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றிருந்தோம். அப்படியல்ல. எங்கள் தெருப் பாட்டியம்மா ஒருவர் அன்று முதல் வருவதேயில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரம் நாங்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். நெடுநேரம் கழித்தே திறந்தார். காப்பி கொடுத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. "பூசை இப்போதும் ஆறு மணிக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார்.