எடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியவை



மன்னார் நமக்குப் புது ஊர் இல்லை. நம் பூட்டன்மார் பலர் அந்தக் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்துதான் மலைக்கு வந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பின் நம்மவர்களில் பல குடும்பங்கள் திரும்பவும் வடக்கே போய் வன்னியிலும் மன்னார்ப் பக்கத்திலும் குடியேறின. 2009 வரை நடந்த யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை சித்தி, பெரியம்மா, அம்மாயி என்று சொந்தக்காரரே எடுத்து வளர்த்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் "நம்ம பிள்ளைதானே, கோடு கச்சேரி எதுக்கு?" என்று பலர் சும்மா இருந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது இளவட்டங்கள். அடையாள அட்டைக்கும் கல்யாணப் பதிவுக்கும் பத்திரம் தேடி அலைந்தவர்கள் உண்டு.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த தேசவழமையில், மஞ்சள் தண்ணீர் குடித்துப் பிள்ளை எடுக்கும் வழக்கம் இருக்கிறது. இன்றைக்கு அதை நம்பி இருக்கக் கூடாது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். கட்டளை கிடைத்தால் அது நாம் பெற்ற பிள்ளை மாதிரியே. மரண சாசனம் எழுதாமல் நாம் கண்மூடினாலும் நம் சொத்தில் அதற்கு உரிமை உண்டு. சிலர் தாங்களே பெற்றதாகப் பொய் சொல்லிப் பிறப்பைப் பதிகிறார்கள். அது குற்றம், செய்யாதீங்க.

கட்டளையோடு வேலை முடியவில்லை. பிள்ளைக்கு உண்மையைச் சின்ன வயதிலேயே, நம் வாயால் சொல்ல வேண்டும். லயத்தில் ரகசியம் நிற்குமா? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். பீலிக்கரைச் சண்டையில் யாராவது சொல்லித் தெரிந்தால் பிள்ளையின் மனசு உடைந்துபோகும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் நீதிமன்றமே அதன் சம்மதத்தைக் கேட்கும், அப்புறம் எப்படி மறைப்பது? பெற்ற தாயின் படம் இருந்தால் ஒளிக்காதீங்க. ஊர்ப் பெயரையும் சொல்லிக் கொடுங்க.

இழப்பைக் கண்ட பிள்ளை ராத்திரியில் அலறும், படுக்கையை நனைக்கும், சோற்றை ஒளித்துவைக்கும். அடித்தால் கூடும். கோபத்திலும் "உன்னை எடுத்து வளர்த்தேனே" என்ற பேச்சு வரவே கூடாது.

சமாளிக்க முடியாவிட்டால் பிரதேச செயலகத்தில் விசாரித்து நன்னடத்தை உத்தியோகத்தரைப் பாருங்க. பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்தால் 1929க்குப் போன் எடுக்கலாம். மகவேற்புப் பத்திரத்தைக் கூரை ஒழுகாத இடத்தில் பிளாஸ்டிக் உறையில் வையுங்க. சேமலாப நிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று தோட்டக் கந்தோரில் ஒருமுறை கேட்டுப் பாருங்க. கல்யாணத்துக்கு முந்திப் போட்ட பெயரே இன்னும் கிடக்கலாம்.