துருப்பிடித்த என்ஜின் நட்டுகளைக் கழற்றும் முறை

மின்சார மோட்டார் பொருத்திய பிறகும், பல கிணற்றடிகளில் பழைய ஆயில் என்ஜின் ஒன்று இருந்து வருகிறது. மின்சாரம் தடைப்படும் நாட்களில் பயிரைக் காப்பது அதுவே. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற என்ஜினைப் பழுது பார்க்க முற்படும்போது, முதல் தடையாக இருப்பவை துருப்பிடித்த நட்டுகள்தான். அவசரப்பட்டு ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி இழுத்தால் ஸ்டட் முறிந்துவிடும். அரை நாளில் முடிய வேண்டிய வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும். அதற்குள் பயிர் வாடும்.

இறுகுவதன் காரணம்

இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. அங்கு உண்டாகும் துரு, ஆப்பு அடித்தது போல் நட்டைப் பிடித்துக்கொள்கிறது. சூடும் ஈரமும் மாறி மாறிப் படுவதால் சைலன்சர் பக்கத்து நட்டுகள் அதிகம் இறுகும்.

எண்ணெயில் ஊறவிடுதல்

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை நீக்க வேண்டும். பின்னர் டீசலும் என்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து நட்டின் அடியில் விடலாம். காலை, மாலை இரு வேளையும் எண்ணெய் விட்டு, சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் மெல்லத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். இரண்டு நாள் பொறுத்தால் பல நட்டுகள் இளகிவிடும்.

சரியான ஸ்பானர்

திருகி அளவு மாற்றும் ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பானர் அல்லது பாக்ஸ் ஸ்பானரே ஏற்றது. பிரிட்டிஷ் மாதிரிப் பழைய என்ஜின்களில் அங்குல அளவு நட்டுகள் உண்டு, அவற்றுக்கு மி.மீ. ஸ்பானர் தளர்வாக இருக்கும்.

முதலில் நட்டை இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கால் சுற்று வந்ததும் எண்ணெய் விட்டு, மீண்டும் உள்ளே திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும். நட்டு நகராமல் ஸ்பிரிங் போல் வளைந்து கொடுத்தால், ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். சாதாரணமாக 13 மி.மீ. ஸ்பானர் பிடிக்கும் நட்டில் உள்ள ஸ்டட் 8 மி.மீ. விட்டமே. அது குழாயின் பலத்தைத் தாங்காது.

சூடுபடுத்துதல்

எண்ணெய்க்கு மசியாத நட்டைச் சூடுபடுத்தலாம். ஸ்டட்டை விட்டு, நட்டை மட்டும் சூடாக்க வேண்டும். 12 மி.மீ. துளையுள்ள நட்டு 200 டிகிரி சூடேறினால் துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். துருவின் பிடி விட அது பெரும்பாலும் போதும். டீசல் டாங்கியை முதலில் அகற்றி, எண்ணெய்க் கசிவைத் துடைத்து, அருகில் மணல் வைத்துக்கொள்வது அவசியம். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

அதற்கும் வராவிட்டால் நட்டின் ஒரு பக்கத்தை உளியால் பிளந்து எடுப்பது நல்லது. நட்டின் விலை குறைவு. ஸ்டட் முறிந்தால் செலவு அதிகம்.

சிலிண்டர் ஹெட்

ஹெட் நட்டுகளை என்ஜின் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும். எதிரெதிர் நட்டுகளாக, அரைச் சுற்று வீதம் தளர்த்தினால் ஹெட் கோணாது.

திரும்பப் பூட்டும்போது

மரைகளைச் சுத்தம் செய்து, சைலன்சர் நட்டுகளுக்குக் கிராபைட் கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். முனை மழுங்கிய நட்டுகளை மாற்றிவிடுவது நலம். இவ்வாறு பூட்டிய என்ஜினை அடுத்த முறை பிரிக்கும்போது, சாதாரண ஸ்பானரே போதுமானதாக இருக்கும்.