ஒஸ்ரின் காரில் பவர் ஸ்ரியரிங் கசிவு

ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜ் காருக்கு ஜப்பானிய வாகனத்தின் பவர் ஸ்ரியரிங்கைப் பொருத்தினேன். பம்புக் குழாயின் இணைப்பில் எண்ணெய் கசிகிறது; எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், வட்டுக்கோட்டை

இறுக்குவதை உடனே நிறுத்துதல் நன்று, இக்கசிவு திருத்தக்கூடியதே. 1961 முதல் 1969 வரை பவர் ஸ்ரியரிங் இன்றியே உற்பத்தியான இக்காருக்குப் பழகிய கைகள் அங்குலப் புரிப் பொருத்திகளையே தேடும். ஜப்பானியப் பம்போ மில்லிமீற்றர்ப் புரி கொண்டதாகையால், இரண்டும் சில சுற்றுகள் ஏறிப் பிடித்ததுபோல் தோன்றினும் உண்மையில் பொருந்துவதில்லை. மேலும், எண்ணெயைத் தடுப்பது புரியன்று, குழாய்முனை அமரும் கூம்பு இருக்கையோ ரப்பர் வளையமோ ஆகும். எனவே புரியில் ரேப் சுற்றுவதால் பயனில்லை.

பம்பிலிருந்து செல்லும் அழுத்தக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தம் எழக்கூடுமாதலால், அதற்கு ஒருபோதும் கிளிப் போடலாகாது. பம்பின் அசல் முனையை வைத்து, உழவு இயந்திர ஹைட்ரோலிக் குழாய்களை அமுக்கிப் பொருத்தும் பட்டறையில் புதுக்குழாய் செய்விக்க வேண்டும். தாங்கிக்குத் திரும்பும் குழாய்க்குக் கிளிப் போதும். எண்ணெய் கடுஞ்சூட்டில் தீப்பற்றக்கூடுமாதலால் குழாயைப் புகைபோக்கியிலிருந்து விலக்கி, எஞ்சின் அசைவுக்குச் சற்றுத் தளர்வும் விட வேண்டும். பின்னர் முன்சக்கரங்களை உயர்த்தி, எஞ்சினை இயக்காமலே, குமிழிகள் அடங்கும்வரை எண்ணெயை நிரப்பியவாறு ஸ்ரியரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்பினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும்.