கோடைக் காலையில் கயாக்: மறைமலை நகர்க் குடும்பங்களுக்கு 25 குறிப்புகள்

மறைமலை நகரிலிருந்து கடல் ஒன்றும் அதிக தூரமில்லை. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் கோவளம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகில் வழிகாட்டியோடு உப்பங்கழியைச் சுற்றி வரவும், பறவை பார்க்கவும், ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போவதைக் காணவும் பங்குனியும் சித்திரையும் ஏற்ற காலம். ஆனால் அந்த மாதங்களில் வெயிலும் காற்றும் நமக்கு விட்டுவைப்பது விடிந்ததிலிருந்து காலை பத்து மணி வரைதான். அதை முழுசாக அனுபவிக்க வேண்டுமென்றால், பாதி வேலை முந்தின இரவே வீட்டில் முடிந்திருக்க வேண்டும்.

இடமும் நாளும்

1. முதல் முறை போகிறவர்கள் நேரே கடலில் இறங்க வேண்டாம், உப்பங்கழியில் தொடங்குங்கள். முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் இயங்குகிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே முதலியார்குப்பத்திலும் அதே கழகத்தின் படகுக் குழாம் உண்டு. கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித்தரும் பள்ளிகள் சிலவற்றில் கயாக்கும் இருக்கிறது. எங்கே போவதானாலும் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், கயாக் இருக்கிறதா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். விடியற்காலையில் போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியிருக்காது.

2. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை கயாக்? குழந்தைக்கு ஏற்ற அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? யாராவது கவிழ்ந்தால் மீட்க என்ன ஏற்பாடு? காற்று அதிகமானால் பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவீர்களா? நான்காவது கேள்விக்கு மழுப்புகிறவர், மோசமான நாளிலும் உங்களைத் தண்ணீரில் இறக்கிவிடுவார். வேறு இடம் பாருங்கள்.

3. நாளைத் தேர்ந்தெடுக்கச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்றமும் வற்றமும் அதிகம். அஷ்டமி கழிந்த ஓரிரு நாட்களில் குறைவு. புதிதாகப் போகிறவர்களுக்கு அஷ்டமியை அடுத்த நாட்களே வசதி. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். நல்ல வற்றத்தில் உப்பங்கழிக்குள் போனால் கயாக் சேற்றில் தட்டும். இறங்கித் தள்ளினால் சிப்பி காலைக் கிழிக்கும். கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதை உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வண்டியை எடுக்காதீர்கள். தூக்கம் கெட்ட உடம்போடு விடியலில் வண்டி ஓட்டுவது, கடலில் இருக்கும் எந்த ஆபத்தையும்விடப் பெரிய ஆபத்து. வார விடுமுறையின் முதல் நாள் தூங்கி எழுந்து, இரண்டாம் நாள் போங்கள். ஒரே நாள் லீவு என்றால் வண்டி ஓட்ட வேறு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

5. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் கடல் அலை முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. செய்தியில் ‘கள்ளக்கடல்’ என்று எச்சரிக்கை வந்தால் அன்றைக்குக் கடற்பயணம் வேண்டாம். எங்கோ தொலைவில் தெற்கே வீசும் புயற்காற்று எழுப்பும் அலை, நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று ஏறிவரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

6. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. கடல் காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிறு படகுக்காரர்கள் வலை போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். தண்ணீரில் மிதவை வரிசை தெரிந்தால் அதன் மேல் ஏறாமல் சுற்றிப் போங்கள். வலை கிழிந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும்.

முந்தின இரவு

7. ஜீன்ஸ், துப்பட்டா, கனத்த காட்டன் உடை வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. கம்பெனி விளையாட்டு விழாவில் கொடுத்த பாலியஸ்டர் டி-ஷர்ட்டை எல்லார் வீட்டிலும் தேடினால் கிடைக்கும். அதில் முழுக்கை உள்ளதாகப் பார்த்து எடுத்து வையுங்கள். கீழே லெகிங்ஸோ டிராக் பேண்ட்டோ போதும். காலுக்குப் பின்பட்டி உள்ள செருப்பு. ஹவாய்ச் செருப்பு சேற்றில் தங்கிவிடும்.

8. இரண்டு பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி இரவே ஃப்ரீசரில் வையுங்கள். நிறைய ஊற்றினால் உறையும்போது பாட்டில் வெடிக்கும். காலையில் சாப்பாட்டுப் பைக்குள் அதை வைத்தால் உணவும் கெடாது, பத்து மணிக்குக் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்கும். ஆளுக்கு ஒரு லிட்டராவது கணக்கு வையுங்கள்.

9. வெயிலில் தலைசுற்றினால் கொடுக்க உப்பு-சர்க்கரைக் கரைசல்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு அதற்கு மேல் வேண்டாம். நீர்மோர் கொண்டுபோனால் கரைக்கு வந்ததும் குடித்துவிடுங்கள். வண்டிச் சூட்டில் மதியம் வரை தாங்காது.

10. துடுப்பு போடும் முன் வயிறு முட்டச் சாப்பிட்டால் குமட்டும். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட் போதும். திரும்பி வந்ததும் சாப்பிட, நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி அல்லது புளிசாதம். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக இருக்கும். கடலைமிட்டாய் கயாக்கிலேயே கொறிக்கலாம். கவரை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

11. போன் வைக்கும் பிளாஸ்டிக் பவுச்சை நம்பும் முன் வீட்டிலேயே சோதியுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். பேப்பர் துளி ஈரமானாலும் அந்தப் பவுச் வேண்டாம். உப்புத் தண்ணீர் போன போனை அரிசியில் புதைத்து வைப்பதால் பயனில்லை. உடனே அணைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுப்பதே வழி.

12. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டுங்கள். மோதிரம், வளையல், சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். ரிமோட் உள்ள வண்டிச் சாவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாமல் கரையில் இருப்பவரிடம் கொடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், சர்க்கரை நோயாளிக்கான மிட்டாய் இரண்டும் கயாக்கிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீரில்

13. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பட்டிகளை இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடையைத் தாண்டி மேலே வந்தால் அது பெரிய அளவு. தண்ணீரில் உருவிக்கொண்டு போய்விடும். குழந்தைக்கு வயதை வைத்துக் கொடுக்காமல், எடையைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். “நான் நல்லா நீந்துவேன்” என்பது ஜாக்கெட்டைக் கழற்றக் காரணம் ஆகாது.

14. சன்ஸ்கிரீனைக் கரையில் பூசினால் தண்ணீரோடு போய்விடும். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததைப் பூசுங்கள். கயாக்கில் உட்காருகிறவர்கள் மறக்கும் இடங்கள் புறங்கை, முழங்கால், பாதத்தின் மேல்பகுதி, பின்கழுத்து. தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. தொப்பிக்கு அடியில் ஈரத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் கழுத்துக்கும் காதுக்கும் நிழல்.

15. இருவர் கயாக்கில் கனமானவர், பலமுள்ளவர் பின்னால். குழந்தையோ புதியவரோ முன்னால். முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் துடுப்பு போட வேண்டும். மாறிப் போட்டால் துடுப்புகள் மோதும். கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் வலிக்கும். ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது செய்வது போல இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்கள்.

16. காற்றின் கணக்கு முக்கியம். அதிகாலையில் பல நாள் நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று மெல்ல வீசும். கடல் அமைதியாகத் தெரியும். துடுப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தால் கரை தள்ளிப் போயிருக்கும். நிலம் சூடேறியதும், முற்பகலிலிருந்து மதியத்துக்குள் கடற்காற்று எழுந்து அலையைக் கிளப்பும். எனவே போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

17. கவிழ்ந்தால் கயாக்கை விடாதீர்கள். அது மிதக்கும், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் உங்கள் தலையைவிட அதுதான் கண்ணில் படும். துடுப்பையும் பிடித்துக்கொண்டு, வழிகாட்டி வரும்வரை காத்திருங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்திப் போகாதீர்கள். முகத்துவாரத்தை நெருங்கவே வேண்டாம். வற்றம் இறங்கும் நேரத்தில் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும்.

18. போனில் மூன்று எண்கள்: கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. கரையில் இருக்கும் ஒருவரிடம் எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பறவையும் ஆமையும்

19. பங்குனிக் கடைசியில் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பத் தொடங்கும். போகும் முன் சிலவற்றின் இறகு நிறம் மாறியிருக்கும். அதைப் பார்க்கவே சீக்கிரம் போகலாம். கூழைக்கடா, நீர்க்காகம், மஞ்சள்மூக்கு நாரை, செம்பருந்து, மீன்கொத்தி எல்லாம் கோடையிலும் கண்ணில் படும். ஆடும் கயாக்கில் எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் பைனாகுலர் வேண்டாம், படம் நடுங்கும்.

20. எவ்வளவு கிட்டே போகலாம்? கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். பறவைக் கூட்டம் விரலுக்குள் மறையவில்லை என்றால் நீங்கள் மிகவும் நெருங்கிவிட்டீர்கள். இரை தேடிக்கொண்டிருந்தவை ஒரே நேரத்தில் தலை தூக்கினாலும் துடுப்பை நிறுத்துங்கள். பறக்கவிட்டு வீடியோ எடுப்பதற்கு அவை கொடுக்கும் விலை, பயணத்துக்காகச் சேர்த்துவைத்த பலம்.

21. கழிக்கு நடுவில் மணல் திட்டு தெரிந்தால் இறங்கி செல்ஃபி எடுக்கத் தோன்றும். கோடையில் வேண்டாம். ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான், சிறிய ஆலா போன்றவை வெறுந்தரையில்தான் முட்டையிடும். முட்டை மண் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். தாய்ப்பறவை எழுந்து போனாலும் சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடும்.

22. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் சென்னைக் கரையோரம் முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். 45 முதல் 60 நாட்களில் பொரியும். எனவே மார்ச், ஏப்ரலில் குஞ்சு விடும் காட்சி கிடைக்கலாம். 1988 முதல் சென்னையில் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பும், வனத்துறையும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் காக்கின்றன. பார்க்கும்போது டார்ச், ஃப்ளாஷ் வேண்டாம்; குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து வழி தவறும். கையில் எடுத்துத் தண்ணீரில் விடவும் வேண்டாம்.

23. சொறிமீன் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் நுண்ணிய கொட்டும் செல்கள் இன்னும் விஷத்தைக் கக்கும். கடல் தண்ணீரால் அலசி, இழைகளைச் சிறு இடுக்கியால் மெல்ல எடுத்து, தாங்கும் சூட்டு வெந்நீரில் இருபது நிமிடமாவது முக்குங்கள். ஆழம் குறைந்த மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி போங்கள். திருக்கை இருந்தால் விலகிவிடும். கரையில் ஒதுங்கிய கடற்பாம்பு செத்ததாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

வீடு திரும்பியதும்

24. ஈரத் துணிகளை நேரே வாஷிங் மெஷினில் போடாதீர்கள். முதலில் வாளியில் சோப்பு இல்லாத தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பும் மணலும் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு வேரைக் கருக்கும். அடியில் தங்கிய மணலைப் பாத்ரூம் ஜாலியில் கொட்டாமல் தனியே எடுத்துப் போடுங்கள். காலில் ஒட்டிய கறுப்புத் தார்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துச் சோப்பு போட்டால் போகும்.

25. கடற்கரையில் நின்ற பைக்கை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். பைனாகுலரை ஈரத் துணியால் ஒற்றி, நிழலில் காயவைத்த பின் பெட்டியில் வையுங்கள். லைஃப் ஜாக்கெட் சொந்தமானால் வெயிலில் தொங்கவிடாமல் நிழலில் உலர்த்துங்கள். ஜிப்பில் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்தால் அடுத்த தடவை சிக்காது. இவ்வளவையும் அன்று மாலைக்குள் முடித்துவிட்டால், மறுநாள் ஜெனரல் ஷிஃப்டுக்குச் சிரமமில்லாமல் எழுந்திருக்கலாம்.