தண்ணி வருதா?



இந்த ஆண்டு நம் துறையில் ‘பயன்படுத்துவோர் ஆய்வு’, ‘தகவல் வடிவமைப்பு’ என்று இரண்டு சொற்பொழிவுகள் நடந்தன. பாதிப் பேர் கேன்டீனுக்கு நழுவிவிட்டார்கள். நானும் மனசில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். ‘செய்தவன் விளக்கம் சொல்லாமல், பயன்படுத்துபவரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்’ என்பதே அவற்றின் சாரம்.

எங்கள் ஊர் கூரம். மிஸ்டு கால் கொடுத்தால் பம்புசெட் ஓடும் ஸ்டார்ட்டரை பிராஜெக்டாகச் செய்து, பெரியப்பாவின் கொட்டகையில் மாட்டினேன். நன்றாக வேலை செய்தது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் வரப்பில் கிளம்பினார். பாம்பு நடமாடும் வழி அது.

“அதான் மோட்டார் ஓடுதே, ஏன் பெரியப்பா போறீங்க?”

“ஓடுதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

பெட்டியில் விளக்கு வைத்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். கொட்டகையில் எரியும் விளக்கு, வீட்டில் இருப்பவருக்கு எதற்கு? கரண்ட் பாய்வதை சி.டி. மூலம் அறிந்து, அவரைத் திருப்பி அழைத்து “மோட்டார் ஓடுது” என்று தமிழில் சொல்லும்படி மாற்றினேன். அடுத்த ராத்திரியும் கிளம்பினார்.

“மோட்டார் ஓடுது, சரி. தண்ணி வருதா?”

கிணற்றில் நீர் இறங்கினாலோ, ஃபுட்வால்வு ஒழுகினாலோ மோட்டார் சும்மாவே சுற்றும். அது அவர் அனுபவம். என் சர்க்யூட்டில் இல்லை. டெலிவரி குழாயில் ஃப்ளோ சுவிட்ச் வைத்து “தண்ணி வருது” என்று சொல்ல வைத்தேன். அன்றுதான் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அப்புறம்தான் நம்ம பக்கத்துப் பழைய சங்கதிகள் எனக்குப் புரிந்தன. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேட்டில், அரச பரம்பரையின் புகழ் வடமொழியில் இருக்கிறது. நிலத்தின் விவரங்கள் தமிழில் இருக்கின்றன. வயலோடு வேலை உள்ளவருக்கு அவர் மொழி.

கி.பி. 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, உள்ளே இருப்பதை அறியாத சிறுவன்தான் குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்திப் படிக்க வேண்டும். கையில் ஒளிவுமறைவு இல்லை என்பது கூடியிருப்பவர் கண்ணுக்கே தெரிய வேண்டும். நாம் வாக்களித்த சின்னத்தை விவிபேட் இயந்திரம் 7 விநாடி காட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, லேபில் ஓடினால் மார்க் கிடைக்கும். அதற்கு முன் ஒரு தடவை, பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அவர் டார்ச்சைத் தேடினால், நம் வேலை இன்னும் முடியவில்லை.

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை