ஜைனம்பு: பிழையான பெயரா?

சிவகாசியில் பட்டாசு வேலைக்குச் செல்லும் சகோதரி ஒருவர், "ஜைனம்பு என்ற என் பெயர் பிழையாம், மாற்ற வேண்டுமா?" என்று நம்மிடம் வினவினார்.

வேண்டியதில்லை. 'ஸைனப்' என்னும் அரபுப் பெயரே நம்மவர் நாவில் ஜைனம்பு ஆயிற்று. நறுமணம் கமழும் அழகிய மரம் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

நபி (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியது பொருளைக் கருதியே. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அன்னையாரின் முற்பெயர் 'பர்ரா', அதாவது நல்லவள். அதில் தற்புகழ்ச்சி தொனித்ததால் ஸைனப் என மாற்றினார்கள். அவ்வன்னையார் தோல் பதனிட்டு, தைத்து, அவ்வருவாயைத் தருமம் செய்தார்கள். ஹிஜ்ரி 20இல் மறைந்தார்கள்.

உழைக்கும் கைகளுக்கு இதனினும் ஏற்ற பெயர் ஏது? பிறக்கும் பேத்திக்கு 'ஸைனப்' என்று திருத்தமாக எழுதுங்கள். பாட்டியின் பெயரைப் பழிக்காதீர்கள்.